பத்து ரூபாய்க்கு வாங்கிய கடன்

1. எக்கவுண்ட்: கணக்கு

செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் பள்ளிக்கூடம் போகிறேன். சிரிக்க வேண்டாம். லண்டனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற கட்டடத்தில், மாலையில் எங்களைப் போன்ற பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செய்த கதிரையில் என் உடம்பை மடித்து வைத்துக்கொண்டு இருப்பது பெரிய பாடு. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும், பிஸ்கட் தொழிற்சாலைக்கும் மீன்கடைக்கும் போதுமான ஆங்கிலம்தான் என்னிடம் இருந்தது. "கடைசிவரைக்கும் நான்தான் உங்களுக்காகக் கதைக்க வேணுமோ?" என்று மகன் ஒருநாள் கேட்டான். அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

இந்தக் கிழமை வங்கிப் பாடம். ரீச்சர் கரும்பலகை நிறைய வங்கிச் சொற்களையும் காசுச் சொற்களையும் எழுதிப் போட்டார். "பொருளை அகராதி பார்த்து எழுதக்கூடாது. உங்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். பாவம், எங்கள் வாழ்க்கையெல்லாம் ஒரு வரிக்குள் அடங்கும் என்று நினைத்துவிட்டார். ஆங்கிலத்தில் சொல்லுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். அடங்காததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் அது விளங்கும்.

எக்கவுண்ட் என்றால் கணக்கு. வங்கியில் நம் பேரில் இருக்கிற இடம். என் மகன் குகனுக்கு ஒன்று இருக்கிறது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வருஷப் பிறப்பு இந்த முறை வேலைநாளில் வந்தது. ஒரு கிழமைக்கு முதலே ரெலிபோனில் கேட்டேன்.

"வருஷத்துக்கு வாறியா தம்பி?"

"அம்மா, பரீட்சை வருது. இந்த முறை ஏலாது."

"அப்ப கைவிசேஷம்?"

"எக்கவுண்டில போட்டு விடுங்கோவன்."

அவன் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. காசு எப்படி வந்தாலும் காசுதானே என்று நினைக்கிற பிள்ளை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2. டெபொசிற்: வைப்பு

பத்திரமான இடத்தில் காசை வைத்தல். 

என் ஐயாவுக்குத் திருகோணமலையில் வெள்ளைக்காரரின் டொக்யாட்டில் வேலை. கப்பல்களுக்குக் கயிறும் வர்ணமும் எடுத்துக் கொடுக்கிற களஞ்சியத்தில் நின்றார். சுதந்திரம் கிடைத்துப் பல வருஷம் கழித்துத்தான் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனான். போகும்போது வேலையாட்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அதுவரைக்கும் எங்கள் வீட்டு வங்கி அலுமாரியின் மேல்தட்டுத்தான். இவ்வளவு காசை அங்கே வைக்கப் பயந்து, கலியாணத்துக்குப் போகிற வேட்டி சால்வையோடு ஐயா வங்கிக்குப் போனார். திரும்பி வந்து குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "காசைக் குடுத்தன். கடதாசி தந்தாங்கள்." அன்றிரவு அவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று அம்மா பல வருஷம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு பழகிவிட்டது. அந்த வைப்பிலிருந்துதான் அக்காவுக்கும் எனக்கும் சீதனம் வந்தது. ஆனால் ஒரு காசை மட்டும் ஐயா வங்கிப் பக்கம் கொண்டுபோனதில்லை. அது கைவிசேஷக் காசு.

இங்கே இருக்கிறவர்களுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சித்திரை வருஷப் பிறப்பன்று கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, புதுச் சட்டை போட்டு, நல்ல நேரம் பார்த்து வீட்டுப் பெரியவரிடம் போக வேண்டும். அவர் வெற்றிலையில் பாக்கு, நெல்லு, பூ, அதன்மேல் காசு வைத்து வலக்கையால் தருவார். நாம் இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். அந்த வருஷத்தில் நம் கைக்கு வருகிற முதற்காசு அது. உடனே செலவழிப்பதில்லை. "மற்றக் காசெல்லாம் பாங்குக்குப் போகலாம். இது கையில இருந்து கைக்குத்தான் போக வேணும்" என்பார் ஐயா.

ஐயாவுக்குக் கைராசி என்று ஊரில் பேர். அவர் கையால் வாங்கினால் வருஷம் முழுக்கக் காசு புழங்குமாம். கடை வைத்திருந்தவர்கள், வலை வைத்திருந்தவர்கள் எல்லாரும் வருஷத்தன்று எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். "இந்தக் கைராசி எங்கட வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் வேலை செய்யுது" என்பார் அம்மா. சுதந்திரம் கிடைத்த வருஷம் நான் சின்னப் பிள்ளை. சுதந்திரம் வந்தால் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகும் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன். ஐயா வழமைபோல ஒரு ரூபாய்தான் தந்தார். சுதந்திரத்தைப் பற்றி எனக்கு வந்த முதல் சந்தேகம் அது.

3. இன்ரறெஸ்ற்: வட்டி

காசு சும்மா கிடந்து குட்டி போடுதல். இதை நான் வகுப்பிலேயே எழுதிக் காட்ட, ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் கீறினார்.

எங்கள் ஊரில் வட்டி வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். கிண்ணியாக்காரர், சந்தையில் புடவைக்கடை வைத்திருந்த ஹனீபா நானா. கள்ளருக்குப் பயந்து காசை வங்கியில் போட்டிருந்தார். வட்டி அவர் மார்க்கத்துக்கு ஆகாது. எழுத வேண்டாம் என்று வங்கியில் போய்ச் சொன்னாராம். எழுதாமல் விட ஏலாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் வருஷாவருஷம் வட்டியை மட்டும் எடுத்து, சந்தைக் கக்கூசுக்கு வாளியும் தும்புத்தடியும் வாங்கிப் போடுவார். அந்தக் காசு போகத் தகுந்த இடம் அதுதான் என்பது அவர் முடிவு.

அவரும் வருஷத்தன்று ஐயாவிடம் வருவார். "நான் வாறது உங்கட சாமிக்கு இல்லை, உங்கட கைக்கு" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். ஐயா அவருக்கு வெற்றிலை இல்லாமல் காசை மட்டும் கொடுப்பார். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மா தருகிற பலகாரத்தோடு கடை திறக்கப் போய்விடுவார்.

4. லோன்: கடன்

நான் லண்டன் வந்த பிறகு கைவிசேஷம் நின்றுபோனது. தபாலில் அனுப்பட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, ஐயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருஷத்துக்கு வருஷம் நான் இல்லாமலே வருஷம் பிறந்தது. அம்மா காலமானார். ஐயாவும் அத்தானை இழந்த அக்காவும் வீட்டில் தனித்துப் போனார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்திய தைப்பொங்கலோடு அக்காவின் கடிதம் வந்தது. ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று எழுதியிருந்தா. கடைசியில் ஒரு வரி: "இந்த முறை வருஷத்துக்கு நீ வாறியோ எண்டு ஐயா கேட்டவர்."

என் ஐயா யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. தேத்தண்ணீர் கூட வேண்டும் என்று கேட்க மாட்டார், தருமட்டும் இருப்பார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் குந்தி இருந்து அழுதேன்.

என்னவருக்குத் தபால் கந்தோரில் வேலை. கடிதத்தை அவரிடம் காட்டினேன். 

"வீட்டுக் கடன் கழியுது. குளிர்காலத்துக் காஸ் பில் இன்னும் கட்டேல்லை" என்றார். "அடுத்த வருஷம் பாப்பம்."

"ஐயா அடுத்த வருஷம் எண்டு கேக்கேல்லை. பாங்கில லோன் கேப்பம்."

"ஐயா தாற பத்து ரூபாயை வாங்க லோன் எடுத்துப் போறதே? சுண்டங்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் எண்ட கதைதான்."

"ஓம். அந்தக் கதைதான்" என்றேன்.

மகனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மனேஜர் மரியாதையான மனிதர். எங்கள் இருவருக்கும் கதிரை இழுத்துப் போட்டார். கடன் எதற்கு என்று கேட்டார்.

"தாத்தாட்டக் கைவிசேஷம் வாங்க எண்டு சொல்லு தம்பி."

குகன் ஆங்கிலத்தில் விடுமுறைக்கு என்றான். அந்தச் சொல் எனக்குத் தெரியும். இல்லை என்று கையைக் காட்டி மறித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிச் சேர்த்து நானே சொன்னேன்: "விடுமுறை இல்லை. என் தகப்பன் எனக்குப் பத்து ரூபாய் தருவார். நான் போய் வாங்க வேண்டும்."

பத்து ரூபாய் என்றால் இங்கிலாந்துக் காசில் எவ்வளவு என்று மனேஜர் மகனைக் கேட்டார். அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரு பஸ் ரிக்கற்றுக்குக் காணும். மனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தக் காசை என் தகப்பன் தபாலில் அனுப்ப முடியாதா என்று மெதுவாகக் கேட்டார்.

"தபாலில் கை வராது" என்றேன்.

5. செக்கியூரிற்றி: ஈடு

கடனுக்குப் பொறுப்பாக வைக்கிற பொருள். மனேஜர் இந்தச் சொல்லைச் சொன்னதும், இது எனக்குத் தெரிந்த விசயம் என்று சந்தோசப்பட்டேன். கையிலிருந்த இரண்டு தங்கக் காப்பையும் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன்.

எங்கள் ஊர் அடைவுகடையில் அப்படித்தான் செய்வது. எதற்குக் காசு என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரர் நகையைக் கல்லில் உரைப்பார், நிறுப்பார், காசைத் தருவார். அவசரம் இல்லாத வீட்டில் நகை கழலாது என்று அவருக்குத் தெரியும். இந்த மனேஜர் உரைகல்லைத் தேடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் சிவந்துபோய், காப்பை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்த பெண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"போடுங்கோ அம்மா. கெதியாப் போடுங்கோ" என்றான் குகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆகக் கடைசியில் என்னவருடைய சம்பளம்தான் ஈடு. அவர் வந்து கையெழுத்து வைத்தார். கடன் கிடைத்தது. எதற்கு என்ற இடத்தில் மனேஜர் 'பயணம்' என்று எழுதிக்கொண்டார்.

காப்பைக் கழற்றிய அன்று வங்கியிலிருந்து வீட்டுக்கு வரும்போது குகன் எனக்கு முன்னால் விறுக்கென்று நடந்தான். தெருவின் மற்றப் பக்கத்துக்கும் மாறிவிட்டான். வீட்டு வாசலில் மட்டும் எனக்காக நின்றான். "இனி நான் உங்களோட பாங்குக்கு வர மாட்டன்" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. இன்றுவரைக்கும் வந்ததில்லை.

6. வித்றோவல்: மீளப் பெறுதல்

வைத்ததை எடுத்தல். வைத்தவரே போய்க் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும் என்று ரீச்சர் சொன்னார்.

வருஷத்துக்கு முதல்நாள் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத் தண்ணீர் என்னைப் பிரிந்த மாதிரியே தெரியவில்லை. பஸ் நிலையத்தில், ஊருக்குள் திரிகிற அதே மான்கள் கடதாசி தின்றுகொண்டு நின்றன. அக்கா படலையில் நின்றா. ஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அந்த வெக்கையிலும் மடியில் சால்வை போர்த்திருந்தார்.

"வந்திட்டியா பிள்ளை" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

காலில் விழுந்து எழும்பும்போதுதான் சால்வைக்குக் கீழே வலக்கையைக் கண்டேன். வேறு ஆளுடைய கையை யாரோ அவர் மடியில் வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. அக்காவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் எனக்கு எழுதேல்லை?"

"எழுதினால் நீ அங்க இருந்து என்ன செய்யப் போறாய்? மார்கழியில பாரிசவாதம் வந்தது. கை அப்பிடியே போச்சு. ஆரும் பாக்கக்கூடாதெண்டு மூடி வைச்சிருக்கிறார்."

அடுத்த நாள் காலை மருத்துநீர் வைத்து முழுகினோம். ஐயாவை அக்கா துடைத்து வேட்டி கட்டிவிட்டா. தட்டில் வெற்றிலை, பாக்கு, நெல்லு, பூ, ஒரு புதுப் பத்து ரூபாய்த் தாள். நல்ல நேரம் பிறந்தது. நான் ஐயாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். ஐயா தட்டைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருடைய இடக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடக்கையால் கொடுப்பது கொடுப்பதே இல்லை என்று எங்களை வளர்த்தவர் அவர். கடன் வாங்கி, கடல் தாண்டி, மகனின் முகத்தில் கரி பூசி நான் வந்தது அந்தக் கைக்காக.

"நேரம் போகுது ஐயா" என்றா அக்கா.

ஐயா சால்வையைத் தள்ளினார். வலக்கையை விரித்து வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். அக்கா அதை விரித்து வெற்றிலையை வைத்து, அதன்மேல் தாளையும் வைத்தா. ஐயா இடக்கையால் தன் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். நிறைகுடத்தைத் தூக்குவதுபோல் மெதுவாக, நடுங்கி நடுங்கி, என் பக்கம் கொண்டுவந்தார். கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. நான் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன்.

வெற்றிலை என் கையில் விழுந்தது. தாள் வழியிலேயே சறுக்கிக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் விழுந்துவிட்டது.

அவருக்கு அது தெரியவில்லை. அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. காசு இருக்கிறதா, போய்விட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"கிடைச்சுதா பிள்ளை?"

நான் கையைப் பொத்தினேன்.

"ஓம் ஐயா. கிடைச்சுது."

அக்கா தட்டைக் குனிந்து நிலத்தில் வைத்தா, தாளுக்கு மேலேயே. ஐயா பெரிய வேலை ஒன்றை முடித்தவர் மாதிரி மூச்சு விட்டார். அன்றைக்குப் பிறகு அவர் சால்வையால் கையை மூடவில்லை. ஹனீபா நானா வந்தபோது அக்கா படலையிலேயே நிலைமையைச் சொன்னா. "காசுக்கு ஆரு வந்தது? ஐயாவப் பாக்க வந்தனான்" என்று உள்ளே வந்து, மத்தியானம்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் கடை திறக்கப் போனார்.

ஐயா நித்திரையான பிறகு தட்டைத் தூக்கி, தாளை எடுத்துத் துடைத்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

7. பலன்ஸ்: மிச்சம்

ஐயா அந்த ஆவணியில் போய்விட்டார். தந்தியைப் பிடித்துக்கொண்டு மனேஜரிடம் தனியாகவே போனேன். முதற்கடன் அடையாமல் இன்னொன்று தர இயலாது என்றார். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னார். அந்த மனிதரில் குற்றமில்லை. கொள்ளி வைக்கிற நேரத்தில் நான் பிஸ்கட் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் தனிய இருக்கப் பயமாக இருந்தது.

மாதாமாதம் சம்பளத்தில் கடன் கழிந்தது. போன மாதம் அடைந்து முடிந்தது. மிச்சம் ஒன்றுமில்லை என்று வங்கி கடிதம் போட்டிருக்கிறது. என்னவர், "அப்பாடா" என்றார். எனக்கு அப்படி இல்லை. கழிந்துகொண்டிருந்தவரைக்கும் அந்தப் பயணம் முடியாதது மாதிரியும், ஐயா இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருப்பது மாதிரியும் ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

8. ரான்ஸ்பர்: ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு மாற்றுதல்

வருஷத்தன்று காலை சுடுதண்ணீரில் முழுகினேன். என்னவருக்குப் பகல் வேலை. எனக்குக் கைவிசேஷம் தர மேலே ஒருவரும் இல்லை. இனி நான்தான் பெரியவள். இந்தியக் கடையில் கொள்ளை விலைக்கு வாங்கிய வெற்றிலையில் பாக்கும் ஒரு பூவும் வைத்து, ஒரு புதுப் பத்து பவுண் தாளையும் வைத்துக்கொண்டு வங்கிக்கு நடந்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு சின்னப் பெண். கண்ணாடிக்கு அடியில் காசு தள்ளுகிற பள்ளம். வலக்கையால் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, மகனின் கணக்கு இலக்கத்தைச் சொன்னேன். பாடம் படித்த ஆங்கிலம், ஒரு பிழையும் வரவில்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டாள். வெற்றிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பாக்கும் பூவும் சிந்தாமல் கவனமாக அதை என் பக்கம் திருப்பித் தள்ளினாள். மகனின் கணக்கு வேறு கிளை என்றபடியால் இரண்டு மூன்று நாளாகும் என்றாள்.

வீட்டுக்கு வந்து குகனின் விடுதிக்கு ரெலிபோன் எடுத்தேன். யாரோ எடுத்து, தாழ்வாரத்தில் நின்று அவன் பேரைக் கூப்பிட்டான். ஓடி வந்த மூச்சோடு கதைத்தான்.

"போட்டிட்டன் தம்பி."

"தாங்ஸ் அம்மா."

"கிடைச்சுதா?"

"இப்ப எப்பிடித் தெரியும்? ரெண்டு மூண்டு நாள் எடுக்கும்."

எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே திரும்பவும் கேட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியாது, என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

"கிடைச்சுதா அப்பன்?"

மூன்று வருஷத்துக்கு முதல் அவன் என்னோடு திருகோணமலைக்கு வரவில்லை. அந்தக் கேள்வியை முதலில் யார் கேட்டது என்று அவனுக்குத் தெரியாது. நானும் அவனுக்குச் சொன்னதில்லை. ரெலிபோனில் யாரோ சிரிக்கிற சத்தமும் கதவு அடிபடுகிற சத்தமும் கேட்டன.

"ஓம் அம்மா," என்றான். "கிடைச்சுது."

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.